நெஞ்செரிச்சலும் புகையிலையும்

(ராயப்பன்பட்டியில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, பாசனம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்காகவே நாம் வழக்கமாகக் கூடுகின்றோம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மில் பலருடைய இரவு உறக்கத்தைக் கெடுத்துவரும் ஒரு தொல்லையைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். நெஞ்செரிச்சல் என்று அதனைக் கூறுவர். நெஞ்சு கரிக்கிறது, புளியேப்பம் வருகிறது, உண்டது எதுக்களிக்கிறது, வாய்வு ஏறுகிறது என்று நம் ஊர்களில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. வளர்ச்சிப் பணிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். இரவில் பாதி நேரம் எழுந்து உட்கார்ந்திருந்த மனிதரே விடியற்காலையில் கவாத்துக் கத்திரியுடன் திராட்சைப் பந்தலுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அவருடைய உடல்நலம் நம் கணக்கில் சேராதெனில் வேறு எது சேரும்?

இத்தொல்லைக்குக் காரணம் யாதென்று கேட்டால், மிளகாய் என்பர் சிலர். புளிக்குழம்பு என்பர் வேறு சிலர். கடை எண்ணெயைக் குறை கூறுவோரும் உளர். மடியிலுள்ள பீடிக்கட்டையோ, கன்னத்தில் ஒதுக்கியுள்ள புகையிலையையோ ஒருவரும் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடாதது மட்டுமன்று, உண்ட சோறு செரிப்பதற்கு அதுவே கைகண்ட மருந்து என்று நம்புவோர் நம் பகுதியில் நிறைய இருக்கின்றனர். அந்நம்பிக்கை உண்மைக்கு நேர் எதிரானது. எங்ஙனம் என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

புகையிலையின் வீரியத்தைப் பற்றி விவசாயிகளுக்கு நாம் புதிதாகக் கூற வேண்டியதில்லை. அரைக் கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, ஆறேழு மடங்கு நீர் கலந்து அசுவினிப் பூச்சிக்குத் தெளிக்கும் வழக்கத்தை நம் முதியோர் அறிவர். அக்கஷாயத்தில் பூச்சியைக் கொல்லும் பொருளே நிகோடின் என்பது. புகையிலைச் செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்வதற்காக வேரில் உண்டாக்கி இலைக்கு ஏற்றிவைக்கும் நஞ்சு அது. 1560-ஆம் ஆண்டளவில் போர்த்துகல் நாட்டிலிருந்து பிரெஞ்சு அரண்மனைக்குப் புகையிலையை அனுப்பிவைத்த ழான் நிகோ என்னும் தூதரின் பெயரால் அதற்கு இப்பெயர் வந்தது. 1828-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க்கில் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். பூச்சியின் நரம்பைத் தாக்கும் பொருள் மனிதனின் நரம்பையும் தசையையும் தொடாமல் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அளவு குறைவாக இருப்பதால் நாம் பிழைத்திருக்கின்றோம், அவ்வளவே.

நம் தேனி மாவட்டம் பழைய மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த காலத்தில், அதே மாவட்டத்துத் திண்டுக்கல் சுருட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது. அண்டைப் பகுதியின் இப்பொருள் நம் வீட்டுத் தாம்பூலத் தட்டில் இடம்பெற்றதில் வியப்பில்லை. ஆனால் பழக்கம் குறைந்துவருகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதுதான் சரியன்று. 2009-10-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 16 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினர். 2016-17-இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் அது நூற்றுக்கு 20 ஆக உயர்ந்துவிட்டது. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அதே காலத்தில் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நாடு இறங்குகையில் நாம் ஏறியிருக்கின்றோம். மேலும், தமிழ்நாட்டில் புகைப்போரும் மெல்லுவோரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் உள்ளனர். ஆகவே, "நாம் புகைப்பதில்லை, வெறும் வெற்றிலைதான்" என்று கூறிக் கொள்வோரும் இன்றைய பேச்சைக் கேட்க வேண்டியவர்களே.

இனி, வயிற்றுக்குள் நிகழ்வதைப் பார்ப்போம். நாம் உண்ணும் உணவு தொண்டையிலிருந்து உணவுக்குழாய் வழியே இரைப்பைக்கு இறங்குகிறது. இரைப்பையில் உணவைச் செரிக்கச் செய்வதற்கென்று கடுமையான அமிலம் சுரக்கிறது. அவ்வமிலம் தன்னையே அரித்துவிடாதபடி இரைப்பைக்கு உட்புறத்தில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆதலின், குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் அமைந்துள்ளது. வாய்க்காலின் மடைப்பலகையை ஒத்தது அது. உணவு வரும்போது திறந்து கீழே விடும். பிறகு இறுக மூடிக்கொண்டு, கீழே உள்ளது மேலே ஏறாதபடி காக்கும். பெரியாற்றுத் தண்ணீரை மடை திறந்து பாய்ச்சும் நம் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பலகை சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நிகோடின் இரத்தத்தில் கலந்தவுடன் அத்தசை வளையம் தளர்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் 1971-இல், புகைப்போரின் உணவுக்குழாயில் மெல்லிய குழலைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து, சிகரெட்டுப் புகைக்கும்போது வளையத்தின் பிடி குறைவதை நேரில் கண்டனர். வயிறு நிறைய உண்டு முடித்த நேரமே மடை மிக இறுக்கமாக மூடியிருக்க வேண்டிய நேரம். நம்மவர் பீடியைப் பற்றவைப்பதும் அதே நேரத்தில்தான்!

தீங்கு இத்துடன் முடிவதில்லை. புகைப்பவருக்கு இருமல் உடன்பிறந்தது. இருமும்போதும், ஆழ்ந்து மூச்சை இழுக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் திடீரென உயர்கிறது. தளர்ந்த வளையம் அதனைத் தாங்க மாட்டாமல் அமிலத்தை மேலே விட்டுவிடுகிறது. இஃது இரண்டாவது வழி. மூன்றாவது வழியைப் பலர் அறியார். நம் வாயில் ஊறும் எச்சிலில் அமிலத்தை முறிக்கும் காரச்சத்து உண்டு. எவ்வளவு நல்ல உடலுள்ளவருக்கும் அமிலம் ஓரொருசமயம் மேலே வரத்தான் செய்யும். விழுங்கும் எச்சில் அதனைக் கழுவி இறக்கிவிடும். புகைப்போருக்கு அவ்வெச்சிலின் காரச்சத்து குறைந்துவிடுகிறது. ஏறிய அமிலம் இறங்குவதற்கு அவர்களுக்கு மற்றவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கிறது என்று 1989-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

புகையை விட்டுவிட்டு வாயில் அடக்கிக்கொண்டால் குற்றமில்லை என்று கூறுவோருக்கு ஒரு சொல். நிகோடின் உடலில் சேருவதற்குப் புகை கட்டாயமன்று. கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகவே அது இரத்தத்தில் கலந்துவிடும். அங்ஙனம் கலப்பது நெடுநேரம் இரத்தத்தில் தங்குவதும் உண்டு. சுண்ணாம்பு சேர்ப்பதால் அது இன்னும் விரைவாகக் கலக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும் என்று நம் பாட்டிமார் கூறுவது ஒருபுறம் இருக்கட்டும். அதே சுண்ணாம்பு புகையிலையுடன் சேரும்போது நிகோடினுக்கு வழிகாட்டியாகவும் அமைந்துவிடுகிறது. அன்றியும், மெல்லும்போது ஊறும் எச்சிலை நாம் சுவரோரத்தில் துப்பிவிடுகின்றோம். விழுங்கியிருந்தால் அமிலத்தைக் கழுவியிருக்கக்கூடிய எச்சில், தெருவை அசுத்தப்படுத்துவதற்குப் பயன்படுகிறது.

நம் பகுதித் தொழிலாளர் ஒருவருடைய நாள் எப்படிச் செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏலத் தோட்ட வேலைக்காகக் குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் மலை ஏறுவோர், பொழுது விடியும் முன்பே ஜீப்பில் ஏற வேண்டும். அந்நேரத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்க எவருக்கு இயலும்? ஒரு கடுங்காப்பி, ஒரு வாய் வெற்றிலை, அதில் ஒரு துண்டு புகையிலை. புகையிலை பசியை அடக்கும் என்பது உண்மை. அதற்காகவே அதனைப் போடுகின்றனர். தாய்மார்கள் பலரும் இதில் அடக்கம். வெறும் வயிற்றில் அமிலம் ஊறிக்கொண்டிருக்க, மேலே மடை தளர்ந்திருக்கிறது. பந்தல் வேலை செய்வோர் நிலையும் வேறன்று. இடுப்பில் வேட்டியின் மீது அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருப்பர். உண்டவுடன் ஒரு பீடி. பிறகு குனிந்து பாத்தி வெட்டுவர். இறுக்கிய இடுப்பும் குனிந்த முதுகும் வயிற்றை அமுக்குகின்றன. இரவிலோ, எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ வயிறு நிறைய உண்டு, கடைசியாக ஒரு முறை புகைத்துவிட்டு, உடனே பாயில் மல்லாந்து படுத்துவிடுகின்றனர். உறக்கத்தில் எச்சில் ஊறுவது பெரிதும் குறைந்துவிடும், விழுங்குவதும் அரிது. ஆகவே நள்ளிரவில் தொண்டைவரை புளித்து ஏறுவதற்கு மிளகாயைக் குற்றவாளியாக்க வேண்டிய அவசியமில்லை. மிளகாய் சிலருக்கு எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் கதவைத் திறந்து வைப்பது புகையிலை.

எரிச்சல் கண்டவுடன் நாம் செய்வது என்ன? பெட்டிக்கடையில் ஒரு சோடா; மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. சோடாவின் வாயு இரைப்பையை உப்பச் செய்து ஏப்பத்தை வரவழைக்கிறது. அவ்வேப்பத்துடன் அமிலமும் ஏறுகிறது. ஏப்பம் வந்ததும் சுகம் வந்துவிட்டதென்று நினைக்கின்றோம். மாத்திரைகளின் விஷயம் வேறு. அவை அமிலச் சுரப்பைக் குறைப்பது உண்மையே; டாக்டர் கூறினால் கூறியபடி உட்கொள்ள வேண்டும். ஆனால் தளர்ந்த மடையை அவை இறுக்குவதில்லை. பலகையைப் பொருத்தாமல் வயலில் தேங்கிய நீரை வாளி கொண்டு இறைப்பதைப் போன்றது, புகையிலையை விடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது. திராட்சையில் அடிச்சாம்பல் கண்டால் ஆனைமலையான்பட்டி ஆராய்ச்சி நிலையத்திற்கு இலையைக் கொண்டு ஓடும் நாம், நம் வயிற்றை மட்டும் கடைக்காரரின் யோசனைக்கு விட்டுவிடுவது ஏனோ தெரியவில்லை.

இங்கே மிக முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். மார்பில் தோன்றும் எரிச்சல் எல்லாம் வயிற்றிலிருந்து வருவதன்று. மாரடைப்பும் சிலருக்கு நெஞ்செரிச்சலைப் போலவே தொடங்குகிறது. புகையிலை இரண்டுக்கும் காரணமாக இருப்பதால், புகைப்பவருக்கு இவ்விரண்டில் எது வந்திருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே தீர்மானிக்க இயலாது. வாய்வுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்து, பூண்டு சுட்டுத் தின்று, சற்றுப் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்து உயிரை இழந்தோர் எந்த ஊரில் இல்லை? மார்பை அமுக்குவது போன்ற வலி, வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் கூடும் வலி — இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் 108-க்குத் தெரிவித்து, உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். நள்ளிரவாயிற்றே, விடிந்து போகலாம் என்று ஒத்திவைத்தல் கூடாது. வெறும் வாய்வாக இருந்துவிட்டால் நட்டமொன்றும் இல்லை.

அவ்வாறே, விழுங்கும் உணவு நெஞ்சில் சிக்குதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவை தோன்றினால் மாத்திரையால் மறைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாவதற்குப் புகைத்தலும் காரணம், மெல்லுதலும் காரணம். உணவுக்குழாயை உள்ளே பார்த்தறியும் கருவிச் சோதனை வேண்டுமா என்பதைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டாக்டர்கள் தீர்மானிப்பர். க.விலக்கு நமக்குத் தொலைவன்று.

புகையிலையை விட்டால் நெஞ்செரிச்சல் உண்மையிலேயே குறையுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. நார்வே நாட்டின் ஒரு மாகாணத்தில் 1995-97-இலும், மீண்டும் 2006-09-இலும் அதே மக்களை வினவி ஆராய்ந்தனர். ஏறக்குறைய 30,000 பேர் அதில் அடங்குவர். நெஞ்செரிச்சலுக்கு வாரந்தோறும் மருந்து உட்கொண்டு வந்தவர்களுள், உடல் எடை அளவோடு இருந்தோர் புகைப்பதை விட்டபோது, கடுமையான தொல்லை பெரிதும் குறைந்திருக்கக் கண்டனர். உடல் பருத்தோருக்கு அத்தகைய பலன் தென்படவில்லை. அவர்கள் எடையையும் குறைக்க வேண்டியிருக்கும். உழைத்து இறுகிய உடலுடைய நம் விவசாயிகளும் தொழிலாளர்களும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள் என்பதால், அப்பலனைப் பெறுவதற்கு அதிகம் உரியவர்கள். எல்லோருக்கும் முழுக் குணம் ஏற்படும் என்று நாம் உறுதி கூறவில்லை. மருந்து சிலருக்குத் தொடர்ந்து வேண்டியிருக்கலாம்.

விடுவது எளிதன்று என்பதையும் நாம் அறிவோம். நாற்பதாண்டுப் பழக்கத்தை ஒரு கூட்டத்தில் பேசி நீக்கிவிட முடியாது. நிறுத்திய முதல் மூன்று நாட்கள் கடினமானவை. சினம் வரும், தலை வலிக்கும், கை தானே மடியைத் தேடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அத்தவிப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். முழுவதும் விடுவதே குறிக்கோள். ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவருக்கு, இரவு உணவுக்குப் பின் போடுவதை முதலில் நிறுத்துங்கள் என்போம். அதன் பலன் அன்றிரவே சிலருக்குத் தெரியக்கூடும். தெரிந்தால் மனத்தில் உறுதி பிறக்கும். காலையில் ஒரு பீடி இல்லாவிடில் காலைக்கடன் கழியாது என்பாருக்கு, எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்துப் பார்க்கச் சொல்கின்றோம். வயிற்றில் எதுவேனும் இறங்கினாலே குடல் அசையத் தொடங்கும். அதற்கு நெருப்பு வேண்டியதில்லை.

விட முயல்வோருக்கு நிகோடின் கலந்த மெல்லும் பசையும் கிடைக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை. அதனைச் சூயிங்கம் போல விடாமல் மென்று சாற்றை விழுங்கினால் அதுவே நெஞ்செரிச்சலையும் விக்கலையும் உண்டாக்கும். சிலமுறை மென்று, நாக்கில் சுறுசுறுப்பு ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அது அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்க. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத தொலைபேசியிலும் புகையிலையை விடுவதற்கு ஆலோசனை பெறலாம்.

இரவில் எதுக்களிப்புள்ளவர்கள், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடிப்பது நலம். கயிற்றுக் கட்டிலானால் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் செங்கற்களை அடுக்கி, அரை அடியேனும் உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டுமே மடங்கும், அதனால் பயனில்லை. இடப்பக்கமாகப் படுத்தல் நல்லது. இவற்றிற்குச் செலவு எதுவும் இல்லை.

பஞ்சாயத்து செய்யக்கூடியது என்ன? சட்டம் முன்பே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கலாகாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்திற்குள்ளும் விற்கலாகாது. பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் தடை உள்ளது. இதனைக் கடைக்காரரிடம் அதிகாரி வந்து சொல்வதைவிட ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். கிராம சபையில் ஒரு தீர்மானமாகவும் இதனைக் கொண்டு வரலாம். ஆனால் சட்டம் எட்டாத இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, நம் வீட்டு விசேஷங்களின் தாம்பூலத் தட்டு. வெற்றிலையும் பாக்கும் மரியாதைக்கு உரியன என்று வைத்துக்கொண்டாலும் புகையிலையை அதில் வைக்க வேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் கூறவில்லை. பாக்கும் நல்லதன்று என்பதை வேறொரு நாளில் பேசிக்கொள்ளலாம். மற்றொன்று, நடவுக்கும் அறுவடைக்கும் வரும் ஆட்களுக்குக் கூலியுடன் புகையிலையும் வாங்கித் தரும் வழக்கம். அந்தப் பணத்தில் காலை பத்து மணிக்கு ஆளுக்கொரு செம்பு கேப்பைக் கூழோ மோரோ கொடுக்கலாம். பசியை அடக்கத்தானே அவர்கள் புகையிலையைத் தேடுகின்றனர்? நில உடைமையாளர்கள் சிலர் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றீர்கள். அடுத்த நடவிற்கு உங்களுள் ஐந்து பேரேனும் இதனைச் செய்து பார்த்து, ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதை எங்கள் அலுவலகத்திற்குத் தெரிவித்தால் மகிழ்வோம்.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், மூக்குப்பொடிக்கும் இது பொருந்துமா என்று வினவுகின்றார். பொருந்தும், ஐயா. பொடியாக்கினாலும் அது புகையிலையே. நிகோடின் மூக்கின் வழியாகவும் இரத்தத்தில் சேரும். மின்சிகரெட்டைப் பற்றியும் ஓர் இளைஞர் கேட்டார். அதிலும் பெரும்பாலும் இருப்பது நிகோடினே. 2019 முதல் இந்தியாவில் அதனை விற்பதே குற்றமாகும். ஏனைய கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.